பார்மாவுக்குப் பதில்

ருஜேரோ: ...இல்லம்மா, இன்னும் கிட்ட வாங்க. பாட்டைப் பதியற குழாய்தான், கடிக்காது.

எர்சிலியா: கடிக்காதுன்னு நீ சொல்ற. அதோட வாயைப் பாத்தா அப்படித் தெரியலியே. என்னை முழுசா முழுங்கிட்டு, அந்தப் பக்கம் ஒரு இசைத்தட்டாத் துப்பிடும் போல.

ருஜேரோ: அதுக்குத்தானேம்மா அதை இங்க கொண்டாந்து வெச்சிருக்கேன்.

கமில்லோ: நான் எங்க நிக்கட்டும்?

ருஜேரோ: நீங்க நிக்கவே வேண்டாம் பெரியவரே. அதோ சோபா. காப்பி கொண்டாரச் சொல்றேன்.

கமில்லோ: சோபாவா? தம்பி, இந்த அம்மா ஓபரா மேடை ஏறின நாள்லேருந்து, மேடை விளிம்புல இருக்கற பொந்துக்குள்ள உக்காந்து, அடுத்த அடி எடுத்துக் குடுத்தவன் நான். என்னைப் போய்ச் சோபாவுல உக்காரச் சொல்றியே.

ருஜேரோ: மேடையில சரி. இது ஹோட்டல் அறை. பாடப்போறது ஒரே பாட்டு. அந்த மீனவப் பொண்ணு பாட்டை அவங்க தூக்கத்துல எழுப்பினாக்கூடப் பாடுவாங்க. எதுக்கு அடி எடுத்துக் குடுக்கணும்?

எர்சிலியா: அந்த ஆள் என் கண்ணெதிர்ல இல்லாம நான் பாடறதில்ல. சகுனம்னு வெச்சுக்கயேன்.

ருஜேரோ: காலையிலேருந்து எத்தனை சகுனம்மா! ஊதாத் திரைச்சீலை ஆகாதுன்னீங்க, கழட்டிட்டேன். மேஜைமேல வளைஞ்ச ஆணி ஒண்ணு வெச்சிருக்கீங்க, ஏன்னு கேக்கல. இப்ப இவரு...

எர்சிலியா: இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கு. உன் மீசை.

ருஜேரோ: என் மீசைக்கு என்னம்மா?

எர்சிலியா: அதைக் கொஞ்சம் மேல ஒதுக்கிட்டுப் பேசு. மீசைக்குப் பின்னால நின்னு பேசற ஆம்பளைங்களை நான் நம்பறதில்ல. ஒருத்தனை நம்பிக் கல்யாணம் பண்ணினேன், அது போதும்.

கமில்லோ: ஒதுக்கிடு தம்பி. மிலான்ல பாதிப் பேர் இவளுக்காக மீசையை எடுத்திருக்காங்க.

ருஜேரோ: சரி... இதோ, ஒதுக்கிட்டேன். இப்பக் கேளுங்க. நான் இந்தத் தடுப்புக்குப் பின்னால மெஷின்கிட்ட இருப்பேன். கையை மேல தூக்குவேன். கையை இறக்கினதும் பியானோ ஆரம்பிக்கும். மேல் ஸ்தாயி வர்றப்ப ஒரு அடி பின்னால போங்க, இல்லாட்டி ஊசி எகிறிடும். கீழ வர்றப்பக் குழாய்க்குள்ள தலையை விடற மாதிரி வாங்க.

எர்சிலியா: பாடச் சொல்றியா, ஊஞ்சலாடச் சொல்றியா?

ருஜேரோ: ரெண்டும்தான். இது சோதனைத் தட்டு. மெழுகு. போட்டுக் கேட்டா அழிஞ்சு போயிரும், ஆனா எங்க தப்புன்னு தெரிஞ்சுக்கலாம். தயாரா?... கையைத் தூக்கிட்டேன்...

கமில்லோ: பாத்துட்டா. இறக்கு.

...

ருஜேரோ: போதும்! நல்லா வந்திருக்கு. இருங்க, ஓட விடறேன். அம்மா, மேஜைமேல கையை வெக்காதீங்க...

எர்சிலியா: வெச்சா என்ன?

ருஜேரோ: ஒண்ணும் ஆகாது... சரி, வெச்சுக்குங்க. அசைக்காம இருந்தாப் போதும். கேளுங்க... ஆ, பாருங்க, எவ்வளவு சுத்தமா... இது என்னது?

கமில்லோ: எது?

ருஜேரோ: இது! ஒவ்வொரு அடிக்கும் முன்னால ஒரு தவளை கத்துதே! "கடலே"... அப்புறம் அம்மா "கடலே"ன்னு பாடறாங்க. "என் படகு"... தவளை. அப்புறம் அம்மா "என் படகு". யாருய்யா இந்தத் தவளை?

கமில்லோ: ...நான்தான்.

ருஜேரோ: பெரியவரே!

கமில்லோ: நான் என்ன பண்ணட்டும்? அவ மூச்சு இழுத்தா என் வாய் தானாத் திறக்குது. முப்பது வருஷத்துப் பழக்கம். முன்வரிசையில உக்காந்தவனுக்குக்கூட இதுவரைக்கும் என் குரல் கேட்டதில்ல.

ருஜேரோ: முன்வரிசைக்குக் கேக்காது. இந்தக் குழாய்க்குக் கேக்கும்!

எர்சிலியா: ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கறீங்க? கமில்லோ, உன் மூஞ்சி ஏன் பீட்ரூட் ஆயிடுச்சு?

கமில்லோ: நான் அடி எடுத்துக் குடுத்ததெல்லாம் தட்டுல ஏறியிருக்கு தாயே.

எர்சிலியா: அய்யோ! காலமெல்லாம் பொந்துல கிடந்தவனுக்குக் கடைசில மேடை கிடைச்சிருச்சா! தட்டுல பேரைப் போட்டுறலாம். எர்சிலியா வன்னுச்சியும் ஒரு தவளையும்.

ருஜேரோ: சிரிக்கறதுக்கு நேரமில்லம்மா. ரயில்ல வந்த குளிர்ல தட்டெல்லாம் விரிசல் விட்டுருச்சு. அலமாரில சூடு பண்ணி வெச்சிருக்கறது கொஞ்சம்தான். அதுலயும் ஒண்ணை நாளைக்குப் பாட வர்ற டெனர் பாடகருக்கு எடுத்து வெக்கணும். பெரியவர் வெளில இருக்கட்டும்.

எர்சிலியா: அப்ப நானும் வெளில இருக்கேன்.

ருஜேரோ: அம்மா...

கமில்லோ: தம்பி, ஒண்ணு பண்றேன். குழாய்க்கு அடியில தரையில உக்காந்துக்கறேன், பொந்துல இருக்கற மாதிரி. சத்தமே வராது. உதட்டை மட்டும் அசைப்பேன். கையில தாளம், காத்துல.

ருஜேரோ: உதட்டை மட்டும் அசைக்கறதுல யாருக்கு என்ன லாபம்?

எர்சிலியா: எனக்கு மனசு நிக்கும். போதுமா? நீ உன் தட்டை எடு.

ருஜேரோ: ...எங்க அப்பா ஜெனோவா துறைமுகத்துல மூட்டை தூக்கினவரும்மா. ஒரு தடவை உங்க பாட்டைக் கேட்டாரு, மலிவு டிக்கெட்டுல மேல்மாடிக் கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு. சாகற வரைக்கும் அதையே சொல்வாரு. "அந்தப் பொம்பளை பாடினப்ப முதுகுல மூட்டை இல்லாத மாதிரி இருந்துச்சு"ன்னு. அதனாலதான் பொறுத்துக்கறேன். வேற யாராவதா இருந்தா இந்நேரம் மெஷினைக் கட்டிட்டு நேப்பிள்ஸுக்குக் கிளம்பியிருப்பேன்.

எர்சிலியா: உங்க அப்பா பேரைச் சொல்லி இந்தத் தட்டு நல்லா வரட்டும். கையைத் தூக்கு.

...

ருஜேரோ: அடப்பாவிங்களா! நிறுத்துங்க! எந்தப் பயல் அது, நடைவாசல்ல?

கமில்லோ: ஹோட்டல் வெயிட்டரு. ஒரு தாம்பாளம் நிறையப் பீங்கானைக் கீழே போட்டுட்டான். நெஞ்சே நின்னு போச்சு எனக்கு.

ருஜேரோ: போச்சு. தட்டு போச்சு. பீங்கான் உடைஞ்சது அப்படியே மெழுகுல... ஆனா பெரியவரே, கவனிச்சீங்களா? பியானோக்காரர் துள்ளிட்டாரு. நான் ஊசியையே தட்டி விட்டிருப்பேன். அம்மா? ஒரு இமை ஆடலியே! அந்த "திரும்பி வா" இடத்துல, காதுகிட்ட குண்டு வெடிச்ச மாதிரி... அவங்க பாட்டுக்குப் பாடிட்டே போறாங்க.

கமில்லோ: அவ அப்படித்தான்.

எர்சிலியா: என்ன? ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?

கமில்லோ: வெளில பீங்கான் உடைஞ்சது. தட்டுல ஏறிடுச்சு.

எர்சிலியா: ஓ... அந்தப் பீங்கானா. அதைப் போய்ப் பெரிசா... நான் கண்டுக்கல.

ருஜேரோ: பியானோக்காரரே, நீங்களும் வாங்க, கீழ போய் அந்தப் பயலை ஒரு வழி பண்ணிட்டு வரலாம். அதுக்குள்ள அடுத்த தட்டு சூடாகட்டும்.

எர்சிலியா: ...போயிட்டானா?

கமில்லோ: போயிட்டான்.

எர்சிலியா: சந்தேகப்படறானா?

கமில்லோ: இல்ல. உன்னைக் கல்நெஞ்சக்காரின்னு நினைக்கறான். நல்லதுதான்.

எர்சிலியா: இங்க பாரு கமில்லோ. அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா "பாவம்"னு ஒரு வார்த்தை சொல்வான். அப்புறம் மிலான்ல அத்தனை ஏஜெண்டும், காப்பிக் கடைக்குக் காப்பிக் கடை, "பாவம்"னு சொல்வான். பாவப்பட்டுக் கேக்கற பாட்டை யாரும் பாட்டாக் கேக்கறதில்ல.

கமில்லோ: அது சரி. ஆனா ஒரு தடவை சொல்லிட்டா இவ்வளவு கூத்து வேணாமே...

எர்சிலியா: சொல்றதா இருந்தா அன்னிக்கே பார்மாவுலயே சொல்லியிருப்பேனே. பேசாம அந்தக் கூடையில இருக்கற கோழி சூப்பை எடு.

கமில்லோ: ஆறிப் போச்சு.

எர்சிலியா: ஆறினாலும் கோழி கோழிதானே. குடு.

ருஜேரோ: ...வந்துட்டேன். வாசல்ல ஆள் நிக்க வெச்சிருக்கேன், ஈ எறும்பு வராது. அம்மா, கோவிச்சுக்கலேன்னா ஒண்ணு கேக்கட்டுமா? எத்தனை தடவை கூப்பிட்டும் இந்த மெஷின் பக்கமே வராதவங்க நீங்க. "வாளிக்குள்ள கோழி கத்தற மாதிரி இருக்கு"ன்னு ஆள் விட்டுச் சொன்னீங்க. இப்ப நீங்களாவே வந்திருக்கீங்க. ஏன்?

எர்சிலியா: பார்மா.

ருஜேரோ: ...அந்த ராத்திரியா? கேள்விப்பட்டிருக்கேன்.

எர்சிலியா: என்ன கேள்விப்பட்டே? சும்மா சொல்லு.

ருஜேரோ: மேல்மாடிக்காரங்க "இறங்கிப் போ"ன்னு விசிலடிச்சாங்கன்னு. ஆர்க்கெஸ்ட்ரா ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போனீங்கன்னு. "வன்னுச்சி கதை முடிஞ்சுது"ன்னு பேசிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க மேடையே ஏறலேன்னு.

எர்சிலியா: சரியாத்தான் கேள்விப்பட்டிருக்கே.

கமில்லோ: நான் அன்னிக்குக் காய்ச்சல்ல கிடந்தேன். பொந்துல வேற ஒரு ஆள். தலையைப் புத்தகத்துக்குள்ள புதைச்சுக்கிட்டவன், கடைசி வரைக்கும் இவ பக்கம் நிமிரவே இல்லியாம்.

ருஜேரோ: அதுக்காக ஆர்க்கெஸ்ட்ராவை விட்டு... சரி, விடுங்க. ஆனா விசில் நடுவுலயும் கடைசி வரைக்கும் பாடினீங்களாமே. எப்படிம்மா தாங்கினீங்க அந்தச் சத்தத்தை?

எர்சிலியா: அவங்க வாயில விரலை வெச்சிருந்ததைப் பாத்தேன். பாத்துட்டுப் பாடினேன்.

ருஜேரோ: அடேயப்பா...

எர்சிலியா: அந்த ஊர்ல ஒரு முடிதிருத்தற கடை இருக்கு. மேல்மாடிக் கூட்டத்துக்கு அந்தக் கடைக்காரன்தான் தலைவன். தெருவே சேந்து காசு போட்டு அங்க ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வெச்சிருக்காங்களாம். ஒவ்வொருத்தன் சட்டைப் பையிலயும் ஒரு சுருதிக் குழல். தட்டு ஓடறப்ப ஊதி ஊதிப் பாப்பாங்களாம், யாரு எங்க சறுக்கறாங்கன்னு. என் தட்டு அந்தக் கடைக்குப் போகணும். அவங்க ஊதிப் பாக்கணும். அவ்வளவுதான்.

ருஜேரோ: ஒடெஸாவுல மாணவருங்க குதிரையை அவுத்துட்டு உங்க வண்டியை இழுத்தாங்களாமே. லிஸ்பன்ல பூவா கொட்டினாங்களாம். ஒரு ஊர்க்காரங்க, ஒரே ஒரு ராத்திரி... அதையா இப்படிச் சுமக்கறீங்க?

எர்சிலியா: ஒடெஸாவுல வண்டியை இழுத்தப்ப ஒரு பையன் பனியில வழுக்கி விழுந்தான். நான் இறங்கி, அவன் இடத்துல நின்னு, நானும் இழுத்தேன். என் வண்டியை நானே! அது சந்தோஷம். ஆனா சந்தோஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லியே. விசிலுக்குத்தான் சொல்லணும்.

கமில்லோ: இவ நெல் வயல்ல களை பறிச்சுட்டிருந்தவ தம்பி. முழங்கால் தண்ணி. வரிசையில இந்தக் கோடியில இவ, அந்தக் கோடியில இவ அம்மா. கங்காணி பேச விடமாட்டான். பாடலாம். அதனால அம்மாகிட்ட சொல்ல வேண்டியதெல்லாம் பாட்டாப் பாடியே சொல்வாளாம். "பசிக்குது"ங்கறதைக்கூட.

எர்சிலியா: தண்ணில நின்னு பாடினா, அந்தக் கோடியில அம்மா பதிலுக்குப் பாடறது கால் வழியா ஏறும். நான் பாட்டுக் கத்துக்கிட்டது அங்கதான்... சரி, கதை போதும். தம்பி, இந்தப் பியானோவை ஒரு பெட்டிமேல ஏத்தி வெச்சிருக்கியே, என் ஒரு கால் அந்தப் பெட்டிமேல இருக்கட்டும்.

ருஜேரோ: அது முடியாதும்மா. பெட்டி கிறீச்சுங்கும். குழாய்க்குள்ள அது எலி கத்தற மாதிரி விழும். தவளை, பீங்கான், எலி... ஒரு காட்டையே பதிவு பண்ணியாச்சுன்னு எங்க முதலாளி என்னைத் துரத்திடுவாரு.

எர்சிலியா: கால் படணும். அதுவும் சகுனம்தான்.

ருஜேரோ: இந்த ஒரு சகுனத்தை மட்டும் விட்டுக் குடுங்கம்மா. கெஞ்சிக் கேக்கறேன்.

கமில்லோ: நான் இருக்கேன்ல. பாத்துக்கலாம் தாயே.

எர்சிலியா: ...சரி. கையைத் தூக்கு.

...

ருஜேரோ: அருமை! அருமைம்மா!

கமில்லோ: ஆமா. ரொம்ப... ரொம்ப நல்லா இருந்துச்சு.

ருஜேரோ: இதைப் போட்டுக் கேக்க வேண்டாம். கேட்டா அழிஞ்சிரும். இந்தாங்க ஊசி. மெழுகோட நடுவுல இந்த இடத்துல உங்க கையெழுத்தைக் கீறிடுங்க. ஒவ்வொரு தட்டுலயும் அது அப்படியே அச்சாகும். ஜனங்களுக்குப் பிடிக்கும்.

எர்சிலியா: கமில்லோ. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. நல்லா இருந்துச்சா?

கமில்லோ: இருந்துச்சுன்னேனே.

எர்சிலியா: "திரும்பி வா" எப்படி இருந்துச்சு?

கமில்லோ: ...நல்லா இருந்துச்சு.

எர்சிலியா: தம்பி, நீ?

ருஜேரோ: நானா? என் வேலை சத்தம் பதியுதான்னு பாக்கறதுதாம்மா. ஜோராப் பதிஞ்சிருக்கு.

எர்சிலியா: அது இறங்கிடுச்சு.

ருஜேரோ: எது?

எர்சிலியா: அந்த மேல் ஸ்தாயி. ஒரு மயிரிழை. சரியா நின்னா, இதோ இந்த மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால ஒரு வண்டு சுத்தும். சுத்திக்கிட்டே நெத்திக்குப் போகும். இன்னிக்கு வண்டு மூக்கோட நின்னுடுச்சு. இறங்கிடுச்சு.

ருஜேரோ: வண்டா...

எர்சிலியா: பார்மாக்காரன் குழலை ஊதுவான். "பாத்தியா, நாம விசிலடிச்சது சரிதான்"னு சொல்லிட்டுச் சவரத்தைத் தொடருவான். அதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? இன்னொரு தட்டு எடு.

ருஜேரோ: இல்லம்மா.

எர்சிலியா: இருக்கு. அலமாரில.

ருஜேரோ: அது டெனருக்கு! நாளைக்குக் காலைல வந்து நிப்பாரு. தட்டு இல்லேன்னா என்னைத் தூக்கி இந்தக் குழாய்க்குள்ளயே திணிச்சிருவாரு.

எர்சிலியா: எந்த டெனரு? குள்ளமா, கழுத்தே இல்லாம இருப்பானே, அவனா?

ருஜேரோ: ...அவருதான்.

எர்சிலியா: அவனோட நான் பாடியிருக்கேன். சாகற காட்சில என்னைத் தூக்க முடியாம, "நீயே நடந்து வந்து சாவு"ன்னு காதுல சொன்னவன். நாளைக்கு அவன் தொண்டை கட்டிக்கும். அவனுக்கு எப்பவும் கட்டிக்கும். தட்டை எடு.

கமில்லோ: எர்சிலியா, போதும். களைச்சுட்டே. இதுவே நல்லா இருக்கு...

எர்சிலியா: நீ பொய் சொல்றப்ப உன் இடது புருவம் ஏறும். ஏறி நிக்குது பாரு. மேடையில ஒரு தடவைகூட நீ எனக்குப் பொய்யா அடி எடுத்துக் குடுத்ததில்ல. இன்னிக்கு ஆரம்பிக்காத.

கமில்லோ: ...எடு தம்பி. தட்டை எடு.

ருஜேரோ: என் வேலை போகும்.

கமில்லோ: போகட்டுமே. உங்க அப்பாவை நினைச்சுக்க.

ருஜேரோ: அவரை ஏன் இழுக்கறீங்க... சரி. எடுக்கறேன். ஆனா இதுதான் கடைசி. இதுல தும்மினாக்கூட நான் பொறுப்பில்ல.

எர்சிலியா: பெட்டிமேல என் கால்.

ருஜேரோ: கிறீச்...

எர்சிலியா: செருப்பைக் கழட்டிடறேன். கம்பளத்தை மடிச்சுப் பெட்டிக்குக் கீழ வை. வெறுங்கால். பியானோக்காரரே, கொஞ்சம் அழுத்தி வாசிங்க. கமில்லோ, நீ உன் பொந்துக்குப் போ.

கமில்லோ: போயிட்டேன் தாயே. இங்கதான் இருக்கேன். என்னையே பாரு.

ருஜேரோ: கையைத் தூக்கறேன்...

...

...

கமில்லோ: மெஷினை நிறுத்து தம்பி. முடிஞ்சிருச்சு.

ருஜேரோ: நிறுத்திட்டேன். நான்... ஒரு நிமிஷம் இருங்க.

கமில்லோ: இந்தா தம்பி, கைக்குட்டை. கண்ணைத் துடைச்சுக்க.

எர்சிலியா: யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வண்டு சுத்துச்சு. உச்சந்தலை வரைக்கும் போச்சு. அந்த ஊசியைக் குடு, கையெழுத்தைக் கீறிடறேன்... மெழுகு எவ்வளவு மெத்துன்னு இருக்கு. எ... ர்...

ருஜேரோ: பெரியவரே, நான் ஒண்ணு சொல்லிடணும். முன்னாடி எடுத்தோமே, அதுல அந்த ஸ்தாயி இறங்கினது எனக்குத் தெரியும். நேப்பிள்ஸ் ரயிலு, டெனருன்னு பயந்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

கமில்லோ: நானும்தான். இன்னொரு தடவை பாடினா விழுந்துடுவாளோன்னு பயந்தேன்.

ருஜேரோ: அம்மா, கேட்டீங்களா? நாங்க ரெண்டு பேருமே பொய் சொன்னோம். இந்தக் குழாய் முன்னால எத்தனையோ பேர் நின்னு பாடியிருக்காங்க. இவ்வளவு சின்ன இறக்கத்தை, அதுவும் தான் பாடறப்பவே கண்டுபிடிச்சவங்களை நான் பாத்ததே இல்ல. சத்தியமாச் சொல்றேன், இத்தாலில இப்படி ஒரு காது கிடையாது... அம்மா?... கோவமாம்மா?

கமில்லோ: கோவமில்ல. அவ தட்டைக் குனிஞ்சு பாத்துட்டிருக்கா.

ருஜேரோ: பக்கத்துலதானே நிக்கறேன். அம்மா!

கமில்லோ: கத்தாத தம்பி. அவ தோளைத் தொடு. நிமிருவா. அப்புறம் எதிர்ல நின்னு, மெதுவாச் சொல்லு. உன் உதடு அவளுக்குத் தெரியணும்.

ருஜேரோ: உதடா...? பெரியவரே, நீங்க என்ன... அம்மா... அம்மா, நாங்க பொய் சொன்னோம். நீங்க சொன்னதுதான் சரி. இப்படி ஒரு... இப்படி ஒரு காதை நான் பாத்ததில்லேன்னு சொல்ல வந்தேன்.

எர்சிலியா: நீ உண்மையைச் சொல்லிட்டே, அதனால நானும் சொல்லிடறேன். அந்தக் காது அடைஞ்சு வருஷக்கணக்காச்சுப்பா, பார்மாவுக்கு ரொம்ப முன்னாலயே. சுருதி சேந்துச்சான்னு என் எலும்பு சொல்லிடும், ஆனா கேட்டவன் நீதானே... வா, இப்படி வெளிச்சத்துல உக்காரு. நான் பாடினது எப்படி இருந்துச்சு? விட்டுடாம, மொதல்லேருந்து சொல்லு.